கிளிப் போடும் முன்: பித்தப்பை அறுவையில் ஏஐ-யைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் முறை

பித்தப்பையை லேப்ரோஸ்கோப்பியில் எடுக்கும்போது சர்ஜன்கள் அதிகம் அஞ்சுவது ஒரே விபத்துக்குத்தான். பித்தப்பையில் இருந்து வரும் சிறு குழாயான சிஸ்டிக் டக்ட் என்று நினைத்து, கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்துக்குக் கிளிப் போட்டு வெட்டிவிடுவது. பித்தநாளக் காயம் ஆயிரம் அறுவைகளுக்கு இரண்டு முதல் ஐந்து வரை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை சிறியது. ஆனால் மறுநாளே வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஒருவர், குடலை எடுத்துப் பித்தநாளத்தோடு தைக்கும் இன்னொரு பெரிய அறுவைக்குப் போய், அதன் பிறகும் காய்ச்சலும் காமாலையுமாக வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய நேரிடுகிறது. அமெரிக்க சர்ஜன் லாரன்ஸ் வே குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட 252 காயங்களை அலசினார்கள். அவற்றில் 97 சதவீதத்தில் அடிப்படைக் காரணம் கண் ஏமாந்தது. கைத்திறன் குறை இருந்தது 3 சதவீதத்தில் மட்டுமே.

தவறு கண்ணில் நடப்பதால்தான், கேமராப் படத்தைப் படித்துச் சொல்லும் ஏஐ மென்பொருள்கள் இந்த அறுவையைத் தேடி வந்தன. அப்படி ஒன்றை ஒரு யூனிட்டில் எப்படிப் பொருத்துவது, எப்படிச் சோதிப்பது, எந்த நொடியில் அதன் பேச்சைக் கேட்பது என்பதே இந்தக் கட்டுரை. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்று: வெட்டும் முன் வேண்டிய காட்சி "இன்னும் ஆகவில்லை" என்று ஏஐ சொன்னால் நிறுத்துங்கள், "ஆயிற்று" என்றால் அதை நம்பி எதையும் வெட்டாதீர்கள்.

மென்பொருளிடம் எதைக் கேட்கிறோம்

சர்ஜன் ஸ்டிராஸ்பெர்க் 1995-ல் முன்வைத்த கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி (வெட்டும் முன் கிடைக்க வேண்டிய பாதுகாப்பான காட்சி), தியேட்டர் பேச்சில் சி.வி.எஸ்., மூன்று நிபந்தனைகளைக் கொண்டது. கல்லீரல், சிஸ்டிக் டக்ட், பித்தநாளம் மூன்றுக்கும் இடையிலான ஹெப்பட்டோசிஸ்டிக் முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலை விட்டுப் பிரிந்து, அது ஒட்டியிருந்த படுகையான சிஸ்டிக் பிளேட் தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு அமைப்புகள் (சிஸ்டிக் டக்ட், சிஸ்டிக் தமனி) என்பது ஐயமில்லாமல் தெரிய வேண்டும். இவற்றில் அரைகுறையாக விடப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். முக்கோணம் சுத்தமாகத் தெரிந்ததும் கை தானாகக் கிளிப்புக்குப் போய்விடும்.

மென்பொருள்கள் இரண்டு வகை. ஒன்று படத்தின் மேல் பச்சை, சிவப்பு நிறம் பூசி, இங்கே பிரிக்கலாம், அங்கே போகாதே என்று காட்டும். 37 நாடுகளின் 290 வீடியோக்களில் இருந்து 2,627 படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கோ-நோகோ-நெட் இந்த வகை. மற்றொன்று மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். 201 வீடியோக்களின் 2,854 படங்களில் பயின்ற டீப்சி.வி.எஸ். அப்படிப்பட்டது. அதன் சமன்செய்த துல்லியம் 71.4 சதவீதம் என்று வெளியிட்டார்கள்.

இந்த 71 என்ற எண் தியேட்டரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சமன்செய்த துல்லியம் என்பது இரு பக்கச் சரிகளின் சராசரி: கிடைத்ததைக் கிடைத்தது என்றும், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றும் சரியாகச் சொன்ன சதவீதங்கள். கணக்குக்காக இரு பக்கமும் 71 என்றே வைப்போம். 100 அறுவைகளில் 60-ல் சி.வி.எஸ். உண்மையிலேயே கிடைத்திருக்கிறது, 40-ல் இல்லை. அந்த 60-ல் 43-க்கு ஏஐ "ஆயிற்று" என்னும், 17-க்கு வீண் எச்சரிக்கை தரும். கிடைக்காத 40-ல் 28-ஐப் பிடித்துவிடும், 12-ஐ "ஆயிற்று" என்று விட்டுவிடும். "ஆயிற்று" என்பதைப் பச்சை என்றும் "ஆகவில்லை" என்பதைச் சிவப்பு என்றும் இனி சொல்வோம். ஆக, பச்சை காட்டிய 55-ல் 12 பொய்ப் பச்சை. ஐந்தில் ஒன்றுக்கும் மேல்.

இதே மென்பொருளை நள்ளிரவில் வரும் அழற்சிப் பித்தப்பைகளுக்குப் போடுங்கள். அங்கே 100-ல் 30-ல்தான் சி.வி.எஸ். கிடைக்கிறது என்று கொண்டால், பச்சை காட்டும் 41-ல் 20 பொய். மென்பொருள் மாறவில்லை, துல்லியம் மாறவில்லை. வரும் நோயாளிகள் மாறியதுமே பச்சையில் ஏறக்குறைய பாதி பொய்யாகிவிட்டது. விற்பனைப் பிரதிநிதி காட்டும் ஒற்றைச் சதவீதத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். உங்கள் யூனிட்டில் எத்தனை சதவீதத்தில் சி.வி.எஸ். கிடைக்கிறது என்று தெரியாமல் எந்த மென்பொருளையும் மதிப்பிட முடியாது.

வயரிங்

கேமரா கன்ட்ரோல் யூனிட்டில் இருந்து முதன்மை மானிட்டருக்குப் போகும் கேபிளின் நடுவே ஏஐ கம்ப்யூட்டரை ஒருபோதும் நுழைக்காதீர்கள். அது ஹேங் ஆனால் சர்ஜனின் திரை இருண்டுவிடும், அந்த நேரத்தில் தமனியில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கேமரா கன்ட்ரோல் யூனிட்டின் இரண்டாவது அவுட்புட்டில் இருந்து, அது இல்லையென்றால் தனி மின்சாரம் உள்ள ஒரு ஸ்ப்ளிட்டரில் இருந்து, கிளை எடுத்து ஏஐ-க்குக் கொடுங்கள். ஏஐ-யின் விடை தனி மானிட்டரில் வரட்டும். முதன்மைத் திரை எப்போதும் கேமராவின் நேரடிப் படம் மட்டுமே.

சிக்னல் 1080 புரோகிரசிவ்வில் (ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேமரா யூனிட்கள் ஒரு வரி விட்டு ஒரு வரியாக அனுப்பும் இன்டர்லேஸ் சிக்னல் தரும். கேமரா அசையும்போது விளிம்புகளில் சீப்புப் பல் போலக் கோடு விழும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், மென்பொருளுக்கு அது திசுவின் விளிம்பாகத் தெரியும். திரை மூலையில் வரும் நோயாளி பெயர், தேதி, ஐ.பி. எண் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

தாமதத்தை அளக்க எளிய வழி: லேப்ரோஸ்கோப்பை ஒரு செல்போன் ஸ்டாப்வாட்ச் முன்னால் பிடியுங்கள். இரண்டு மானிட்டர்களும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு போனில் போட்டோ எடுங்கள். இரு திரைகளிலும் தெரியும் நேரத்தின் வித்தியாசம்தான் தாமதம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். அரை நொடித் தாமதம் என்றால் 12 ஃபிரேம் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். கேமரா நகரும்போது நிறப் பூச்சு தவறான திசுவின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் நிறப் பூச்சு வகையைக் கேமரா அசையாத நேரத்தில் மட்டுமே பார்க்க வேண்டும் என்று யூனிட் விதி எழுதுங்கள்.

முதல் 100 அறுவைகள்: வாய் மூடிய சோதனை

மென்பொருள் ஓடட்டும், விடையைச் சேமிக்கட்டும், தியேட்டரில் யாருக்கும் காட்ட வேண்டாம். இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு நேராகப் பயன்பாட்டுக்குப் போன யூனிட்டுக்குத் தன் கருவியைப் பற்றி எதுவும் தெரியாது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் நூற்றுக்கணக்கில் பயன்படுத்திய எபிக் மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்று உடல் முழுக்கத் தாக்கும் நிலை) எச்சரிக்கையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2021-ல் தங்கள் நோயாளிகளிடம் சோதித்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. எச்சரித்ததில் 12 சதவீதம்தான் சரி.

100 என்றால் தொடர்ச்சியாக வரும் 100. நல்ல வீடியோவாகப் பொறுக்கி எடுத்த 100 அல்ல. லேப்ரோஸ்கோப்பியைக் கைவிட்டு, வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் அறுவைக்கு மாறியதும் அதில் சேர வேண்டும். ஒவ்வொன்றிலும் முதல் கிளிப்புக்கு முந்தைய 60 நொடிகளை வெட்டியெடுங்கள். ஏஐ சொன்னதை அறியாத இரண்டு சர்ஜன்கள் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும்: நிபந்தனை ஒன்றுக்கு 0, 1 அல்லது 2, மொத்தம் 6. ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் சி.வி.எஸ். திருப்தி. இருவரும் முரண்படும் வீடியோவை மூன்றாமவர் பார்க்கட்டும். முரண்பாடு நிறைய வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சர்ஜன்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒன்றை வைத்து மென்பொருளை அளக்க முடியாது. முதலில் உட்கார்ந்து வீடியோ பார்த்து அளவுகோலை ஒன்றாக்குங்கள். யூனிட்டுக்கு இதிலேயே பாதி பயன் கிடைத்துவிடும் என்பது எங்கள் கணிப்பு.

பிறகு நான்கு கட்டங்களை நிரப்புங்கள்: சரியான பச்சை, பொய்ப் பச்சை, சரியான சிவப்பு, வீண் சிவப்பு. எமர்ஜென்சி கேஸ்களுக்குத் தனிக் கட்டம்.

ஒரு எச்சரிக்கை. "100 கேஸ் செய்தோம், ஒரு பித்தநாளக் காயமும் இல்லை, ஆகவே ஏஐ பாதுகாப்பானது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 100-ல் பூஜ்யம் என்றால் உண்மை விகிதம் 3 சதவீதம் வரை இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் சொல்வது; எண்ணிக்கையை மூன்றால் வகுக்காமல், மூன்றை எண்ணிக்கையால் வகுத்து வருவது இது. இயல்பான விகிதமே ஆயிரத்துக்கு மூன்று என்னும்போது அந்தப் பூஜ்யம் எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு யூனிட் அளக்கக்கூடியது சி.வி.எஸ். கிடைத்த விகிதம், கிளிப்புக்கு முன் நிறுத்திப் பார்த்த விகிதம், வேறு வழிக்கு மாறிய விகிதம், இவைதான்.

அறுவை நாளில்

ஏஐ மானிட்டர் தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும். அறுவை முழுக்க எரியவிட்டால் கண் அடிக்கடி அங்கே ஓடும், சிவப்புக்கு மனம் பழகிப்போகும். ஒரே ஒரு இடத்தில்தான் அதை எரியவிடுகிறோம்: முதல் கிளிப்புக்கு முன். கிளிப்புக்கும் வெட்டுக்கும் முன் கணநேரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லும் பரிந்துரை அமெரிக்க எண்டோஸ்கோப்பி சர்ஜன்களின் சங்கமான சேஜஸ் ஏற்கெனவே வைத்திருப்பதுதான். ஏஐ அந்த நிறுத்தத்துக்குள் உட்காருகிறது.

1. படத்தைத் தயார் செய்யுங்கள். டயதர்மி (மின்கத்தி) புகை அடங்கும்வரை காத்திருங்கள், தேவையானால் போர்ட் வால்வைச் சற்றே திறந்துவிடுங்கள். ரத்தத்தை அலசி உறிஞ்சி எடுங்கள். லென்ஸை வெந்நீர் சலைனில் நனைத்துத் துடையுங்கள். வைட் பேலன்ஸ் தொடக்கத்திலேயே வெள்ளை காஸ் துணி வைத்துச் சரிசெய்திருக்க வேண்டும். மஞ்சள் கூடிய படத்தில் கொழுப்பும் பித்தநாளமும் ஒன்றுபோல் தெரியும்.

2. முன்பக்கக் காட்சி. பித்தப்பையின் நுனியான ஃபண்டஸை மேலே தள்ளிப் பிடித்தபடி, அதன் கழுத்துப் பக்கப் பையான ஹார்ட்மன் பவுச்சைக் கீழாகவும் நோயாளியின் வலப்பக்கமாகவும் இழுங்கள். 30 டிகிரி ஸ்கோப்பை அசையாமல் 10 நொடி பிடியுங்கள்.

3. பின்பக்கக் காட்சி. பவுச்சை மேலாகவும் இடப்பக்கமாகவும் புரட்டுங்கள். மீண்டும் 10 நொடி. இந்தப் பக்கம் காட்டாமல் கிளிப் கேட்பவருக்குக் கிளிப் கொடுக்கக் கூடாது என்று ஸ்க்ரப் நர்ஸிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

4. சர்ஜன் முதலில் தன் மதிப்பெண்ணை உரக்கச் சொல்கிறார்: "முக்கோணம் 2, பிளேட் 1, இரண்டு அமைப்பு 2." சர்க்குலேட்டிங் நர்ஸ் எழுதிக்கொள்கிறார். உதவியாளரும் தன் மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும். பிஜி மாணவர் "சார், பிளேட் இன்னும் தெளியல சார்" என்று சொல்ல இடம் கொடுக்கும் நொடி இதுதான்.

5. அதற்குப் பிறகே ஏஐ திரை எரிகிறது.

இந்த வரிசையை மாற்றினால் முறையே கெட்டுவிடும். திரையைப் பார்த்துவிட்டு மதிப்பெண் சொன்னால் அது ஏஐ-யின் மதிப்பெண்தான். கூட இருப்பவர்களும் அதையே வழிமொழிவார்கள், மூன்று பேர் பார்த்ததாகப் பதிவாகும், உண்மையில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சர்ஜன் "இல்லை" என்றால் ஏஐ என்ன சொன்னாலும் இல்லைதான். சர்ஜன் "சரி", ஏஐ "சரி" என்றால் வழக்கம்போல் மேலே போகலாம். சர்ஜன் "சரி", ஏஐ "இல்லை" என்பதுதான் நாம் தேடிக்கொண்டிருந்த தருணம். எந்த நிபந்தனையை அது மறுக்கிறது என்று பாருங்கள். பிளேட் என்றால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் பிரித்துவிட்டு மீண்டும் காட்டுங்கள். பெரும்பாலான வீண் சிவப்புகள் இங்கேயே தீர்ந்துவிடும், சில நிமிடங்கள்தான் செலவு. இரண்டாம் முறையும் மறுத்தால் வாதாடாதீர்கள். இன்னொரு சர்ஜனைக் கூப்பிடுங்கள், அல்லது இன்ட்ராஆபரேட்டிவ் கோலாஞ்சியோகிராம் (அறுவையின்போதே பித்தநாளங்களை எக்ஸ்ரே எடுப்பது) எடுங்கள். பித்தநாளத்தை ஒளிரச் செய்யும் இண்டோசயனின் கிரீன் சாய வசதி இருந்தால், 2.5 மி.கி. ஊசியை அறுவைக்குக் குறைந்தது அரை மணிக்கு முன்பே சிரையில் கொடுத்திருக்க வேண்டும், முன்கூட்டிக் கொடுத்தால் கல்லீரலின் ஒளிர்வு குறைந்து நாளம் தனித்துத் தெரியும். அயோடின் அலர்ஜி கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே சிக்கலான கேஸ் என்று முன்பே தெரிந்தால் மருந்தைக் காலையிலேயே திட்டமிடுங்கள். சிவப்பு எரிந்தபின் யோசித்தால் தாமதமாகிவிடும்.

சி.வி.எஸ். கிடைக்கவே இல்லையென்றால் சப்டோட்டல் கோலிசிஸ்டெக்டமி (பித்தப்பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு எடுப்பது), கோலிசிஸ்டாஸ்டமி (பித்தப்பையில் குழாய் போட்டு வடிப்பது), ஓப்பன் என்று வழிகள் உண்டு. எது எப்போது என்பதை அறுவை தொடங்கும் முன் குழு நின்று சரிபார்க்கும் டைம்-அவுட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பனுக்கு மாறுவது தானாகவே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். ஓப்பன் பித்தப்பை அதிகம் செய்து பழகாத கைக்குச் சப்டோட்டல்தான் நல்லது.

ஏஐ-யும் அதே மாயையில் விழும் இடங்கள்

ஃபண்டஸையும் பவுச்சையும் ஒரேயடியாக மேல்நோக்கி இழுத்தால், சிஸ்டிக் டக்ட்டும் பொதுப் பித்தநாளமும் ஒரே நேர்கோட்டில் வந்து ஒரே குழாய் போலத் தெரியும். சர்ஜனை ஏமாற்றும் இதே இருபரிமாணப் படத்தைத்தான் மென்பொருளும் பார்க்கிறது. அதற்குக் கற்றுக்கொடுத்ததும் சர்ஜன்கள் கண்ணால் பார்த்துப் போட்ட குறிகள்தான். இழுவையின் திசை தவறாக இருக்கும்போது பச்சை எரிவது, ஒரே கண்ணாடியை இரண்டு பேர் போட்டுக்கொண்டு பார்த்து ஒத்துக்கொள்வது போன்றது. மென்பொருளைச் சார்ந்திராத குறி ஒன்று வேண்டும்: கல்லீரலின் வலப்பக்க அடியில் உள்ள ரூவியே பள்ளத்தையும் நான்காம் பகுதியின் அடியையும் இணைக்கும் கற்பனைக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலேயே பிரித்துக்கொண்டிருக்கிறோமா என்பதைச் சர்ஜன் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அரிய உடற்கூறு இன்னொரு கண்ணி. வலப் பின்பகுதியின் பித்தநாளம் தாழ்வாக வந்து சேர்வது, சிஸ்டிக் டக்ட் பொதுநாளத்தோடு ஒட்டி இணையாக ஓடுவது, கல் பித்தநாளத்தை அழுத்தும் மிரிஸி நிலை, சுருங்கிக் கல்லான பித்தப்பை, சிரோசிஸ் கல்லீரல் இவையெல்லாம் பயிற்சி வீடியோக்களில் சொற்பமாகவே இருக்கும். பலரும் பயன்படுத்தும் கோலெக்80 வீடியோத் தொகுப்பில் இருப்பது 13 சர்ஜன்கள் செய்த 80 அறுவைகள், எல்லாம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில். அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்கு மேலான, அல்லது கட்டி கைக்குத் தட்டுப்படுகிற, அல்லது வெள்ளணு 18,000-ஐத் தாண்டிய நோயாளி வந்தால் (பித்தப்பை அழற்சிக்கான டோக்கியோ வழிகாட்டியில் இரண்டாம் நிலை) பச்சையை முற்றிலும் ஒதுக்கிவிட்டுச் சிவப்பை மட்டும் கவனியுங்கள்.

அறுவைக்கு முந்தைய ரிஸ்க் ஸ்கோர்

அறுவை செய்வதா, பித்தப்பையில் குழாய் போட்டு வடிப்பதா என்ற கேள்வி வரும்போது, அறுவையின் ஆபத்தைக் கணிக்கும் பாட்டர் போன்ற ஏஐ கணிப்பான்களைத் திறக்கிறோம். 3,82,960 எமர்ஜென்சி நோயாளிகளின் அமெரிக்கப் பதிவுகளில் பயின்றது அது. எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். அந்தப் பதிவுகளில் இருப்பவர்கள் அறுவை செய்யப்பட்டவர்கள் மட்டுமே. தாங்க மாட்டார் என்று விடப்பட்டவர்கள் அதில் இல்லை. மேலும் ஸ்கோர் சொல்வது அறுவைப் பாதையின் ஆபத்தை. மற்றப் பாதையின் ஆபத்தை அது சொல்வதில்லை. ரிஸ்க் அதிகம் என்றதும் வடிகுழாய்க்குப் போவது சரியென்று தோன்றும். ஆனால் 2018-ல் வெளிவந்த நெதர்லாந்தின் சாக்லேட் ஆய்வில், ரிஸ்க் அதிகமான நோயாளிகளில் பெரும் சிக்கல்கள் லேப்ரோஸ்கோப்பிக்கு 12 சதவீதம், வடிகுழாய்க்கு 65 சதவீதம்.

உரையாடும் ஏஐ செயலிகளில் நோயாளியின் பெயர், ஸ்கேன் ரிப்போர்ட், போட்டோ எதையும் ஒட்டாதீர்கள். அவை தரும் மருந்து அளவை மருந்தகக் கையேட்டில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

சம்மதம், பதிவு, புது வெர்ஷன்

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. வாங்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள். உரிமம் இல்லாததை ஆராய்ச்சியாகத்தான் ஓட்ட முடியும், அதற்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளும் பொருந்தும். நோயாளியிடம் படிவத்தை நீட்டுவதோடு நிற்காமல் வாயால் சொல்லுங்கள்: "அம்மா, ஆபரேஷனை வீடியோ எடுப்போம். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து எங்களை எச்சரிக்கும். முடிவெடுக்கிறது நாங்கதான். வேண்டாம்னு சொன்னாலும் உங்க சிகிச்சையில எதுவும் குறையாது." ஸ்கோப் வயிற்றுக்கு வெளியே இருக்கும் ஃபிரேம்களில் முகங்களும் தியேட்டர் போர்டில் எழுதிய பெயர்களும் விழும், சேமிக்கும் முன் அவற்றை நீக்குங்கள்.

ஆபரேஷன் குறிப்பில் நான்கு வரி போதும்: சர்ஜனின் மதிப்பெண், உதவியாளரின் மதிப்பெண், ஏஐ சொன்னது வெர்ஷன் எண்ணோடு, முரண்பட்டிருந்தால் என்ன செய்தோம், ஏன். மாதம் ஒருமுறை முரண்பட்டவற்றை மட்டும் யூனிட் கூட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். சிவப்பை மீறிப் போன விகிதம் மாதாமாதம் ஏறினால், வீண் எச்சரிக்கை அதிகமாகி எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். எச்சரிக்கும் அளவை மாற்ற நிறுவனத்திடம் பேச வேண்டிய நேரம் அது.

கேமராவை மாற்றினாலும், மென்பொருள் புது வெர்ஷனுக்குப் போனாலும் பழைய சோதனை செல்லாது. கேமரா மாறினால் புதிதாக 30 கேஸாவது மறுபடி வாய் மூடிய சோதனை. வெர்ஷன் மட்டும் மாறினால், சம்மதத்தோடு வைத்திருக்கும் முதல் 100 வீடியோக்களைப் புதியதில் ஓட்டி, விடை மாறியவற்றை மட்டும் இரண்டு சர்ஜன்கள் பார்க்கலாம். அது முடியும்வரை ஏஐ மானிட்டர் அணைந்தே இருக்கட்டும்.